மாறியதை மட்டும் எடுத்து வை: பேக்கப் என்கிற பழைய கதை

பம்பாய் கம்பெனிகளில் ஒரு காலத்தில் மதராஸி என்றாலே ஸ்டெனோ என்று அர்த்தம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்பிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் ஹையர் இரண்டையும் பாஸ் செய்து, தாதர் ரயிலேறி வந்து, மாட்டுங்காவில் ஓர் அறையில் நாலைந்து பேரோடு தங்கி, கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் வேலை பார்த்த தலைமுறை அது. 1966-ல் சிவசேனை தொடங்கியபோது கண்ணை உறுத்தியதே இந்த குமாஸ்தா வேலைகள்தான். அந்த அரசியலுக்குள் இப்போது போகவில்லை. நான் சொல்ல வருவது அந்த மனிதர்களின் மேசையில் இருந்த ஒரு பொருளைப் பற்றி. கார்பன் தாள்.

எந்தக் கடிதம் அடித்தாலும் மூன்று பிரதி. மேலே இருப்பது வெளியே போகும், இரண்டாவது ஃபைலுக்கு, மூன்றாவது தலைமை ஆபீசுக்கு. கடிதம் வழியில் தொலைந்தால் ஃபைல் இருக்கிறது. ஆபீசே எரிந்து போனால் இன்னோர் ஊரில் ஒரு பிரதி இருக்கிறது. இன்றைக்கு என்னைப் போன்ற கணினிக்காரர்கள் பெரிய பெயர் வைத்துச் சொல்லும் விஷயத்தை அவர்கள் பெயரில்லாமல் தினமும் செய்துகொண்டிருந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். தினமும் ஃபைல் முழுவதையும் திரும்ப அடிக்கவில்லை. அன்றைக்கு என்ன புதிதோ அதற்கு மட்டும்தான் கார்பன் வைத்தார்கள்.

நம் ஊர்க் கடைக் கணக்கும் அப்படித்தான். நாள்வழியில் அன்றன்றைய வரவு செலவு. பேரேட்டில் ஆள் வாரியாக நிலுவை. பேரேடு கரையான் அரித்துப் போனாலும், ஆரம்ப இருப்பும் நாள்வழியும் பத்திரமாக இருந்தால் உட்கார்ந்து திரும்ப எழுதிவிடலாம். நடுவில் ஒரு நாள் ஏடு காணாமல் போனால் மட்டும் கணக்கு இடிக்கும். இந்தக் கடைசி வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பதிவு முழுக்க அது நம்மோடு வரும்.

சரி, கணினிக்கு வருவோம்.

பம்பாயின் முதல் கணினிகள்

இந்தியாவில் கணினிக் கதை எழுதுகிறவர்கள் கொலாபாவைத் தாண்டிப் போக முடியாது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நம்மவர்களே கட்டிய கணினி 1960-ல் முழுமையாக ஓடத் தொடங்கியது. 1962-ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். அதைக் கட்டிய குழுவுக்குத் தலைவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். நினைவகம் 2048 சொற்கள், ஒவ்வொன்றும் 40 பிட். இன்றைக்கு ஒரு குறுஞ்செய்தி ஃபோனே இதைவிட அதிகம் வைத்திருக்கும். 1964-ல் அதே வளாகத்துக்கு அமெரிக்காவிலிருந்து சிடிசி 3600 என்ற பெரிய இயந்திரம் வந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கணக்கைத் தூக்கிக்கொண்டு கொலாபாவுக்கு வந்தார்கள்.

அந்தக் காலத்தில் பேக்கப் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. புரோகிராம் என்பது கையில் இருக்கும் அட்டைக் கட்டு. கணினி அதைப் படித்து, கணக்கைப் போட்டு, விடையை அச்சடித்துக் கொடுத்துவிட்டு மறந்துவிடும். உங்கள் சொத்து உங்கள் பையில். அட்டைக் கட்டு கீழே விழுந்து கலைந்தால் அது உங்கள் பாடு. துளையிடும் இயந்திரத்தில் இன்னொரு கட்டு அடித்து வைத்துக்கொண்டவர் புத்திசாலி.

பிரச்சினை எப்போது வந்தது என்றால், கணினி நம் கோப்புகளைத் தானே வைத்துக்கொள்ளத் தொடங்கியபோது. பலர் ஒரே சமயத்தில் ஒரு கணினியைப் பகிரும் முறை 1960-களில் அமெரிக்காவின் எம்ஐடியில் வளர்ந்தது. கோப்புகள் வட்டிலேயே தங்கின. வட்டு கெட்டால் ஒருவர் வேலை மட்டுமல்ல, நூறு பேர் வேலை போகும். அட்டைக் கட்டு யார் பையிலும் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் காந்த நாடாவில் நகல் எடுக்க வேண்டும். ஆனால் வட்டு முழுவதையும் நகல் எடுக்க மணிக்கணக்கில் ஆகும், அதுவரை இயந்திரத்தை யாரும் தொடக்கூடாது.

அங்கேதான் கடைக்காரரின் நாள்வழி யோசனை கணினிக்குள் நுழைந்தது. எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூவரும் சேர்ந்து தொடங்கிய மல்டிக்ஸ் அமைப்பில், பின்னணியில் ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும். சமீபத்தில் மாறிய கோப்புகளை மட்டும் தேடி நாடாவில் எழுதும். இப்படிச் சேர்ந்த சில்லறைகளை அவ்வப்போது திரட்டி ஒரு தொகுப்பு நகல், எப்போதாவது ஒருமுறை முழு நகல் என்று மூன்று அடுக்கு. இன்றைக்கு இன்கிரிமெண்டல் பேக்கப் என்று நாம் சொல்வதன் எல்லா உறுப்புகளும் அங்கேயே இருந்தன.

யூனிக்ஸும் டம்பும்

1969-ல் பெல் ஆய்வகம் மல்டிக்ஸிலிருந்து விலகியது. அங்கே இருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் சின்னதாக ஒன்று செய்தார்கள், அதுதான் யூனிக்ஸ் ஆனது. யூனிக்ஸின் ஆரம்பக் கையேடுகளில் 'டாப்' என்று ஒரு கட்டளை உண்டு. கோப்புகளை நாடாவுக்கு அனுப்பும் வேலை அதற்கு. அதில் ஒரு விசை இருந்தது: நாடாவில் இருக்கும் பிரதியை விட வட்டில் இருப்பது புதிதாக இருந்தால் மட்டும் மாற்று. அவ்வளவுதான். மொத்தத் தத்துவமும் ஒரே வரியில் முடிந்துவிட்டது.

பிறகு 1975-ல் வந்த ஆறாம் பதிப்பில் 'டம்ப்' வந்தது. 1979-ல் ஏழாம் பதிப்பில் 'டார்' வந்தது. டார் என்றால் நாடாக் காப்பகம் என்பதன் சுருக்கம். நாடாக்கள் பெரும்பாலும் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட இன்றும் அந்தப் பெயர் எல்லா லினக்ஸ் கணினியிலும் உட்கார்ந்திருக்கிறது. டயலே இல்லாத ஃபோனில் நாம் இன்னும் 'டயல்' செய்வது போல.

டம்பில் எனக்குப் பிடித்தது அதன் படிநிலைகள். 0 முதல் 9 வரை எண்கள். 0 என்றால் முழு நகல். மற்ற எந்த எண்ணைக் கொடுத்தாலும், "இதைவிடச் சிறிய எண்ணில் கடைசியாக எப்போது நகல் எடுத்தோம்? அதற்குப் பின் மாறியவற்றை எடு" என்று பொருள். எந்த எண் எந்தத் தேதியில் ஓடியது என்று டம்ப்டேட்ஸ் என்ற ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் வட்டின் பெயர், எண், தேதி அவ்வளவுதான். நாள்வழி ஏட்டின் முதல் பக்கம் மாதிரி.

இதை வைத்து எளிய திட்டம் போடலாம். ஞாயிறு 0, திங்கள் 1, செவ்வாய் 2, புதன் 3, வியாழன் 4. தினமும் முந்தின நாளுக்குப் பின் மாறியது மட்டும் வரும், நாடா மிச்சம். ஆனால் வெள்ளிக்கிழமை வட்டு கெட்டால் ஐந்து நாடாவையும் வரிசை மாறாமல் ஏற்ற வேண்டும். எந்த ஒன்று படிக்கவில்லை என்றாலும் அன்றைய வேலை போச்சு.

இன்னொரு திட்டம். ஞாயிறு 0, மற்ற எல்லா நாளும் 1. தினமும் ஞாயிறுக்குப் பின் மாறிய எல்லாமே திரும்பத் திரும்ப வரும். திரும்ப ஏற்ற இரண்டே நாடா போதும். ஆனால் வாரக் கடைசியில் நாடா உப்பிவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி, டம்பின் கையேட்டிலேயே பரிந்துரையாக இருந்தது. எண்களை 3, 2, 5, 4, 7, 6, 9, 8 என்று ஏற்றி இறக்கிக் கொடுப்பது. பார்க்க யாரோ தூக்கக் கலக்கத்தில் அடித்தது போலத் தெரியும். போட்டுப் பாருங்கள். ஞாயிறு 0. திங்கள் 3: ஞாயிறுக்குப் பின் மாறியவை. செவ்வாய் 2: மூன்று என்பது இரண்டை விடப் பெரியது, ஆகவே அதைக் கணக்கில் எடுக்காது. மறுபடி ஞாயிறிலிருந்து, அதாவது திங்களும் செவ்வாயும் சேர்த்து. புதன் 5: செவ்வாய்க்குப் பின். வியாழன் 4: மறுபடி செவ்வாயிலிருந்து, புதனும் வியாழனும் சேர்த்து.

வியாழன் இரவு வட்டு போனால் 0, 2, 4 என்று மூன்று நாடா போதும். திங்கள் மாறிய கோப்பு இரண்டு நாடாவில் இருக்கிறது, புதன் மாறியதும் அப்படியே. திங்கள் நாடா கெட்டாலும் கவலையில்லை. செவ்வாய் நாடா கெட்டால், திங்கள் நாடாவை உள்ளே கொண்டுவந்து செவ்வாய் ஒரு நாளை மட்டும் இழப்போம். எளிய திட்டத்தை விடக் குறைந்த நாடா, கூடுதல் பத்திரம்.

இதற்கு ஹனோய் கோபுர முறை என்று பெயர். எடுவார்ட் லூகாஸ் என்ற பிரெஞ்சுக் கணிதக்காரர் 1883-ல் வெளியிட்ட வட்டு அடுக்கும் புதிர் அது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் புதிரோடு சொல்லப்பட்ட கட்டுக்கதை காசியில் நடக்கிறது. கோவிலில் 64 பொன் வட்டுகளை அர்ச்சகர்கள் ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறார்களாம், முடிந்தால் உலகம் முடியுமாம். சிஸ்டம் அட்மின் வேலை பார்த்தவர்களுக்கு இந்த அர்ச்சகர்கள் மேல் தனிப் பாசம் வரும் :-)

எது மாறியது என்று எப்படித் தெரியும்?

மாறியதை மட்டும் எடு என்று சொல்வது சுலபம். மாறியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யூனிக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் சில நேரங்களைக் குறித்து வைக்கும். உள்ளடக்கம் கடைசியாக எப்போது மாறியது என்பது ஒன்று. கோப்பைப் பற்றிய விவரம் (சொந்தக்காரர், அனுமதி முதலியவை) எப்போது மாறியது என்பது இன்னொன்று.

முதலாவதை யாரும் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். பத்து வருடப் பழைய கோப்பை ஒரு சிடியிலிருந்து தேதி மாறாமல் இன்றைக்கு நகலெடுத்து வைத்தால், அதன் தேதி பத்து வருடம் பழையதாகவே இருக்கும். தேதியை மட்டும் பார்க்கும் புரோகிராம், "இது பழசு, ஏற்கெனவே எடுத்திருப்போம்" என்று விட்டுவிடும். ஆனால் எடுத்திருக்கவே இல்லை! இரண்டாவது நேரத்தை நாமாகத் திருத்த முடியாது, அதைப் பார்த்தால்தான் இந்த ஓட்டை அடையும். டம்ப் அதையும் பார்த்தது. அவசரத்துக்கு எழுதிய பல ஸ்கிரிப்டுகள் பார்க்கவில்லை.

அடுத்த சிக்கல் அழித்த கோப்புகள். இல்லாத கோப்பு "மாறியது" பட்டியலில் வராது. ஞாயிறு நகலை ஏற்றி, பிறகு தினசரி நகல்களை ஏற்றினால், நடுவில் அழித்த கோப்பெல்லாம் ஆவி மாதிரி எழுந்து வந்துவிடும். ஆகவே என்ன மாறியது என்பதோடு அன்றைக்கு அடைவில் என்னென்ன பெயர்கள் இருந்தன என்ற பட்டியலையும் சேர்த்து எடுக்க வேண்டும். குனூ டார் இதற்கென்றே தனியாக ஒரு குறிப்புக் கோப்பு வைத்துக்கொள்ளும். புதிது மட்டும் போதாது, இருப்புப் பட்டியலும் வேண்டும். எந்த மளிகைக் கடைக்காரரும் சொல்வார் இதை.

வங்கி அலமாரிகள்

இனி மறுபடி பம்பாய். 1983-ல் வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் கணினிமயம் பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஆண்டு சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு அறிக்கை கொடுத்தது. அதன்பின் வங்கிகளுக்காக இந்தியக் கம்பெனிகள் செய்த கணினிகளில் யூனிக்ஸ் பெரிய இடம் பிடித்தது. அமெரிக்காவில் பல்கலைக்கழக விஷயமாக இருந்த யூனிக்ஸ், இங்கே கிளை மேலாளர் அறைக்குப் பக்கத்தில் ஏசி போட்ட கண்ணாடிக் கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தது. வங்கிகளின் தலைமையகங்கள் பம்பாயில் குவிந்திருந்ததால் அந்த வேலைகளும் இங்கே குவிந்தன. ஸ்டெனோக்களின் பிள்ளைகள் புரோகிராமர் ஆனது இப்படித்தான். அப்பா மாட்டுங்கா, பிள்ளை செம்பூர், ரயில் மட்டும் ஹார்பர் லைன் ஆனது.

நாள் முடிவில் கணக்கு முடித்து நாடாவில் நகல் எடுப்பது கட்டாய வேலை. தாத்தா, அப்பா, பிள்ளை என்று ஒரு சுழற்சி முறை உண்டு. தினசரி நாடா பிள்ளை, வாராந்திரம் அப்பா, மாதாந்திரம் தாத்தா. பிள்ளை நாடாக்கள் அடுத்த வாரம் திரும்ப எழுதப்படும், தாத்தா அலமாரியில் நிம்மதியாக இருப்பார்.

அந்த அலமாரி எங்கே இருந்தது என்பதுதான் விஷயம். பல இடங்களில் கணினிக்கு இரண்டடி தள்ளி. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாமே) தினமும் காலையில் "நகல் வெற்றி" என்று மின்னஞ்சல் வரும். ஒருநாள் கணக்குப் பிரிவுக்கு மூன்று மாதம் முந்தைய கோப்பு ஒன்று தேவைப்பட்டது. பொறுப்பில் இருந்தவர் நாடாவைப் போட்டுப் பார்த்தால், காலி அடைவு ஒன்றை அத்தனை நாளும் விடாமல் நகல் எடுத்து வெற்றி அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறது. நடுவில் யாரோ வட்டை வேறு இடத்தில் இணைத்திருந்தார்கள். கட்டளை சொன்னதைச் செய்தது, அதன் மேல் குற்றமில்லை.

26 ஜூலை 2005

மும்பையில் இருந்த யாரைக் கேட்டாலும் அந்தத் தேதிக்கு ஒரு கதை சொல்வார்கள். 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு தன் இடத்தைத் திரும்பக் கேட்டது. குர்லா, கலினா, தாராவி, சயான் எல்லாம் தண்ணீரில். நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். ரயில் நின்று, தண்டவாளத்திலேயே நடந்து வீடு போய்ச் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். உயிரிழப்புக்கு முன்னால் வட்டும் நாடாவும் ஒரு பொருட்டே இல்லைதான். ஆனால் பேக்கப் பற்றி எழுதும்போது அன்றைய இன்னோர் எண்ணைச் சொல்லாமல் போக முடியாது.

அதே 24 மணி நேரத்தில் அதே நகரத்தின் தென்கோடியில் கொலாபா வானிலை நிலையம் பதிவு செய்த மழை சுமார் 73 மில்லிமீட்டர். மும்பைக்கு அது சாதாரண ஜூலை மழை.

ஒரே நகரம், ஒரே நாள், 944-ம் 73-ம். நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தரைத்தளத்தில் கணினி, அதே தரைத்தளத்தில் நாடா அலமாரி என்று வைத்திருந்தால், 0 முதல் 9 வரை எல்லா எண்ணும் சேர்ந்தே நனையும். ஹனோய் கோபுரத்தையே தண்ணீர் கொண்டுபோனால் வட்டுகளை எங்கே அடுக்குவது?

நாடாவிலிருந்து வலைக்கு

இன்னோர் இடத்துக்கு அனுப்புவது என்றால் பழைய காலத்தில் ஆள்தான் தூக்கிப் போக வேண்டும். தொலைபேசி இணைப்பில் அனுப்பலாம் என்றால் அது ஆமை. இந்த ஆமையோடு மல்லுக்கட்டியவர் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜல். 1996-ல் அவரும் பால் மக்கராஸும் சேர்ந்து 'ஆர்சிங்க்' வெளியிட்டார்கள்.

அதன் யோசனை அழகானது. அதுவரை மாறிய கோப்பு முழுவதையும் அனுப்பினோம். ஆனால் ஐம்பது பக்கக் கோப்பில் ஒரு வரி மாறினால் ஐம்பது பக்கமும் ஏன் போக வேண்டும்? அந்தப் பக்கத்தில் இருக்கும் கணினி தன்னிடமுள்ள பழைய பிரதியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுருக்க எண் கணக்கிட்டு அனுப்பும். இந்தப் பக்கக் கணினி புதிய பிரதியின் மேல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து அதே எண்கள் எங்காவது வருகிறதா என்று பார்க்கும். வந்தால் "அந்தத் துண்டு உன்னிடமே இருக்கிறது" என்று சொல்லிவிடும். இல்லாததை மட்டும் அனுப்பும். நடுவில் ஒரு சொல் நுழைந்து மற்றதெல்லாம் தள்ளிப்போனாலும் கண்டுபிடித்துவிடும். டயல்-அப் மோடத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

அடுத்த திருப்பம் 2000-களின் தொடக்கத்தில். மைக் ரூபெல் என்பவர் ஆர்சிங்கோடு யூனிக்ஸின் ஒரு பழைய குணத்தைச் சேர்த்துப் பயன்படுத்துவதை விளக்கி எழுதினார். யூனிக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. ஒரே கோப்புக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். கடைசிப் பெயரை அழிக்கும்வரை கோப்பு இருக்கும். வீட்டில் ராமசுப்பிரமணியன், பள்ளியில் மணி, தெருவில் அம்பி. ஆள் ஒருவரே.

இதை வைத்து நேற்றைய அடைவுக்கு ஒரு பிரதி எடுங்கள், ஆனால் கோப்புகளை நகலெடுக்காமல் அதே கோப்புகளுக்கு இன்னொரு பெயர் மட்டும் கொடுங்கள். பிறகு அதன் மேல் ஆர்சிங்க் ஓட்டுங்கள். மாறிய கோப்புகள் மட்டும் புதிதாக எழுதப்படும், மாறாதவை பழைய கோப்பையே சுட்டிக்கொண்டிருக்கும். திங்கள் அடைவைத் திறந்தால் திங்கள் இருந்தபடி முழு வட்டும் தெரியும். செவ்வாயைத் திறந்தால் செவ்வாய் முழுதும். ஆனால் இடம் பிடிப்பது மாறியவை மட்டும். 0, 3, 2 என்று எண் போட்டு ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. வரிசையாக ஏற்றவும் வேண்டியதில்லை. ஆர்ஸ்னாப்ஷாட் போன்ற கருவிகள் இதே வழியில் வந்தன. 2007-ல் ஆப்பிள் 'டைம் மெஷின்' என்று ஜிகினா போட்டுக் கொடுத்ததற்கு அடியிலும் முதலில் இதே வித்தைதான் இருந்தது. பெல் ஆய்வகத்துக்காரர்கள் பிளான் 9 அமைப்பில் இதற்கு முன்பே, தேதியைப் பெயராகக் கொண்ட அடைவுக்குள் போனால் அன்றைய கோப்புகள் அப்படியே தெரியும்படி செய்து வைத்திருந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. எத்தனை நாள் அடைவில் தெரிந்தாலும், மாறாத கோப்பு வட்டில் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தில் வட்டு கெட்டால் எல்லா நாளிலும் கெட்டதே தெரியும். முப்பது பெயர் வைத்தால் முப்பது ஆள் ஆகிவிட மாட்டார்கள்.

திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா?

1998-ல் பிக்ஸாரில் 'டாய் ஸ்டோரி 2' தயாரிப்பில் இருந்தபோது யாரோ தப்பான இடத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார்கள். படத்தின் கோப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பேக்கப்பைத் தேடினால் அது சரியாக வேலை செய்யவே இல்லை, யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை. படத்தைக் காப்பாற்றியது, குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்த கேலின் சூஸ்மனின் வீட்டுக் கணினி. அதில் இருந்த பிரதியைப் போர்வை சுற்றி காரில் கொண்டுவந்தார்கள் என்று பிக்ஸார்காரர்களே சொல்லியிருக்கிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். தாராவிக்கும் பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸுக்கும் நடுவே இருப்பது மித்தி ஆறுதான். அக்கரையில் தேசியப் பங்குச் சந்தையின் கட்டடம். அதன் பேரிடர் மாற்று மையம் இருப்பது சென்னையில். 2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40-க்கு வணிகம் நின்றது, மாலை 3.45-க்குத்தான் மறுபடி தொடங்கியது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் வந்த கோளாறைத் தொடர்ந்து இடர் கண்காணிப்பு அமைப்பு செயலிழந்தது என்று காரணம் சொல்லப்பட்டது. எல்லோரும் கேட்ட கேள்வி, சென்னைக்கு ஏன் மாறவில்லை என்பது. செபியும் அதையே கேட்டது. பிறகு 2024-ல் மார்ச் 2, மே 18 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளில் உண்மையான வணிகத்தையே நடத்தி, நடுவில் மாற்று மையத்துக்கு மாறிக் காட்டினார்கள். இருக்கிறது என்பது வேறு, ஓடும் என்பது வேறு. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கூடவே ஒன்று. மாற்று மையம் என்பதும் பேக்கப் என்பதும் ஒன்றல்ல. கண்ணாடி மாதிரி உடனுக்குடன் பிரதி எடுக்கும் ஏற்பாட்டில், இங்கே தவறாக அழித்தால் அங்கேயும் உடனே அழியும். நேற்றைய நிலை வேண்டும் என்றால் நேற்று எடுத்து வைத்தது வேண்டும்.

தேதிக்கு முன், தேதிக்குப் பின்

இவ்வளவும் கணினிக்காரர்கள் கவலை என்று நினைத்தால், மித்தியின் இக்கரைக்கு வாருங்கள். தாராவியில் நம் திருநெல்வேலிக்காரர்கள் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கிறார்கள். 1976-ல் அரசு குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்து ஃபோட்டோ பாஸ் கொடுத்தது. பிறகு மறுவாழ்வுத் திட்டங்களுக்கு ஒரு தேதி வைத்தார்கள்: 1995 ஜனவரி 1. பின்னர் அது 2000 ஜனவரி 1 ஆனது. இப்போது நடக்கும் தாராவி மறுசீரமைப்பிலும், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது.

டம்ப்டேட்ஸ் கோப்பை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஒரு தேதி. அதற்கு முன் இருந்தாயா, பின் வந்தாயா? ஆனால் கணினியில் கோப்பின் தேதியை இயங்குதளமே எழுதி வைக்கும். மனிதனுக்கு யார் எழுதி வைப்பார்கள்? பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில், வாக்காளர் பட்டியல் நகல், ஃபோட்டோ பாஸ். எல்லாமே காகிதம். பெரும்பாலும் ஒரே பிரதி, தரைத்தள வீட்டில், கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில். 2005-ல் தண்ணீர் முதலில் நுழைந்தது அங்கேதான்.

இன்னும் கொடுமை, இலவச வீட்டுக்குத் தகுதி தரைத்தளத்துக்காரருக்கு, வெள்ளத்தில் காகிதத்தை இழக்க வாய்ப்பு அதிகமும் அதே தரைத்தளத்துக்காரருக்கு. இருபது வருடம் ஒரே இடத்தில் வாழ்ந்தவரிடம் "வாழ்ந்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? நடுவில் ஒரு ஏடு தொலைந்த நாள்வழி கணக்கு மாதிரி ஆகிவிடுகிறது அவர் வாழ்க்கை.

ஆகவே இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆர்சிங்க் ஓட்டத் தெரிந்தவர்கள் நம்மில் ஏராளம். அலுவலக சர்வருக்கு தினமும் நகல் எடுக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவியில் இருக்கும் சித்தப்பா, மாமா வீட்டுக்குப் போங்கள். அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு காகிதத்தையும் தெளிவாகப் படம் எடுங்கள். அது நம் 0. ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி ஊரில் இருக்கும் யாரிடமாவது. காகிதங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றுங்கள். படம் அசலுக்கு ஈடாகாது, ஆனால் அசல் தொலைந்தால் மறுபிரதி கேட்டு விண்ணப்பிக்க அதில் இருக்கும் எண்ணும் தேதியும் வேண்டும். அதன்பின் புது பில், புது ரசீது வரும்போது அதை மட்டும் சேர்த்தால் போதும்.

முக்கியமாக, ஆறு மாதம் கழித்து அந்தப் படங்களைத் திறந்து, எழுத்து படிக்க முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.